கலாவதி ஸ்ரோர்ஸ் வாசற்குழி

ஒரு மனிதன் கடை திறப்பதென்றால் முதலில் வேண்டியது வாசல். சரக்கு பிறகு வரும். வாடிக்கையாளர் அதற்கும் பிறகு வருவார். குறை சொல்லுகிற சொந்தக்காரர் எல்லோருக்கும் முந்தி வந்துவிடுவார். இவர்கள் அத்தனை பேரும் வாசலால்தான் வரவேண்டும். இந்தச் சாதாரண உண்மை கனகலிங்கத்துக்குத் தெரிந்திருந்தது. கவுன்சிலுக்குத் தெரிந்திருக்கவில்லை.

எந்தக் கவுன்சில் என்று கேட்கவேண்டாம். கிழக்கு லண்டனில் உள்ள ஏதோ ஒன்று. பெயரைச் சொன்னால் மற்றக் கவுன்சில்கள் தங்களை விட்டுவிட்டார்கள் என்று மனவருத்தப்படும்.

கனகலிங்கம் கரவெட்டியிலிருந்து எண்பத்தைந்தாம் ஆண்டு லண்டனுக்கு வந்தவர். எட்டு வருஷம் ஒரு பெற்றோல் ஸ்ரேஷனில், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, மற்றவர்களுடைய கார்கள் போவதையும் வருவதையும் பார்த்தார். தொண்ணூற்று மூன்றில், இனிமேல் தன்னுடைய கண்ணாடிக்குப் பின்னால் உட்காருவது என்று முடிவு செய்து, டன்னிக் றோட்டில் ஒரு கடையை லீசுக்கு எடுத்தார். மனைவியின் பெயரில் 'கலாவதி ஸ்ரோர்ஸ்' என்று பலகையும் எழுதியாயிற்று. அரிசி மூட்டை, தூள் பைகள், ஊறுகாய்ப் போத்தல் எல்லாம் தட்டுகளில் ஏறிவிட்டன.

லீசில் ஒரு நிபந்தனை இருந்தது. அந்த வருஷம் முடிவதற்குள் கடை திறக்கப்படாவிட்டால் ஒப்பந்தம் செல்லாது, கடை சொந்தக்காரரிடமே திரும்பிப் போய்விடும். ஐயரிடமும் ஒரு நிபந்தனை இருந்தது.

"கார்த்திகை இருபத்தைஞ்சு, வெள்ளிக்கிழமை," என்றார் ஐயர் பஞ்சாங்கத்தை மூடிக்கொண்டு. "காலமை ஒன்பது அஞ்சிலை இருந்து பத்து இருபது வரைக்கும். பத்தரைக்கு ராகுகாலம். அந்த நாளை விட்டால் மார்கழி பிறந்திடும். மார்கழியிலை கடை திறக்கிறதும் ஒண்டுதான், திறக்காமல் விடுறதும் ஒண்டுதான்."

ஆங்கிலக் கணக்கில் அது டிசம்பர் பத்தாம் திகதி. இன்னும் எட்டுக் கிழமை இருக்கிறதே என்று கனகலிங்கம் நிம்மதியாக வீடு போனார். அன்றைக்குத்தான் கவுன்சில் கடிதம் வந்தது. டன்னிக் றோட் நடைபாதையைப் பொதுமக்களின் நன்மையை முன்னிட்டு மேம்படுத்தப் போகிறார்களாம். வேலை மூன்று நாள். அந்த வழியாக ரோமர் காலத்துப் பாதை ஒன்று போயிருக்கலாம் என்று கருதப்படுவதால், தோண்டும்போது தொல்லியல் அவதானிப்பாளர் ஒருவர் உடனிருப்பார்.

திங்கட்கிழமை காலை டெக்லன் என்ற ஐரிஷ்காரர் இயந்திரத்தோடு வந்து, கலாவதி ஸ்ரோர்ஸ் வாசலில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக, நாலு அடி ஆழத்தில், தாண்ட முடியாத அகலத்தில் ஒரு குழி வெட்டினார். குழியின் ஓரத்தில் மஞ்சள் சட்டையும் தலைக்கவசமும் போட்ட ஓர் இளம்பெண் வந்து நின்றாள். பெயர் மிஸ் ஹாப்வுட். கனகலிங்கம் மரியாதையாக ஆங்கிலத்தில் விசாரித்தார்.

"என்ன தேடுகிறீர்கள்?"

"தேடவில்லை. தேடுவது வேறு பிரிவு. நான் அவதானிக்கிறேன்."

"ஏதாவது தெரிந்தால்?"

"தெரிந்ததை எழுதுவேன்."

"ஒன்றும் தெரியாவிட்டால்?"

"ஒன்றும் தெரியவில்லை என்று எழுதுவேன். அது கொஞ்சம் நீளமாக வரும்."

கனகலிங்கத்துக்கு இந்த உத்தியோகத்தில் உடனே மதிப்பு ஏற்பட்டது. எட்டு வருஷம் அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் ஒரு நாளும் ஒருவரும் அவரை எழுதச் சொன்னதில்லை.

பத்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. டெக்லனும் ஆட்களும் தங்கள் வான் வண்டிக்குள் ஏறிவிட்டார்கள். மிஸ் ஹாப்வுட் மட்டும் குழியை விட்டு அசையவில்லை. பின்பக்கக் கதவால், லட்சுமி நுழையமாட்டாத குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில் வந்திருந்த கலாவதி, கடைக் கண்ணாடியால் இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சாருங்கோ, அந்தப் பிள்ளை விறைச்சுக்கொண்டு நிக்குது. அதுவும் எங்கடை வாசல்லை நிண்டு நனையுது. ஒரு தேத்தண்ணி குடுத்தால் நாங்கள் குறைஞ்சே போயிடுவம்?"

"கவுன்சில் ஆள் கலா. குடிக்குமோ தெரியாது."

"கவுன்சில் எண்டால் தொண்டை இல்லையே?"

தேத்தண்ணி போயிற்று. நல்ல சாயமும் தகரத்தில் வரும் ரின் பாலும் இஞ்சியும் போட்ட தேத்தண்ணி. வெறும் தேத்தண்ணி கொடுத்தால் மரியாதையில்லை என்று கூடவே இரண்டு மட்டன் றோல்ஸும் போயின. மிஸ் ஹாப்வுட் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். அன்றைய குறிப்பில், 'மேலும் அவதானிப்பு விரும்பத்தக்கது' என்று எழுதினாள். அது உண்மைதான். அவள் விரும்பினாள்.

செவ்வாய்க்கிழமை இடியப்பமும் சொதியும். புதன்கிழமை கத்தரிக்காய்க் குழம்பும் பிட்டும். வியாழக்கிழமை வேலை முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை. மூன்று நாள் வேலை ஏன் முடியவில்லை என்று விசாரிப்பதற்கு மேற்பார்வையாளர் ஒருவர் வெள்ளிக்கிழமை மத்தியானம் சரியாகப் பன்னிரண்டரைக்கு வந்தார். ஒன்றரைக்கு, இடுப்புப் பட்டியை ஒரு துளை தளர்த்திக்கொண்டு, இப்படிப்பட்ட நுட்பமான இடத்தில் அவசரப்படக்கூடாது என்று முடிவு சொன்னார். அவர் சரியாகத்தான் விசாரித்தாரா என்று விசாரிக்க இன்னொருவர் வந்தார். குழியின் பாதுகாப்பை ஆராய ஒருவர், மண்ணின் நிறத்தை ஆராய ஒருவர், சட்டி பானை வந்தால் ஆராய்வதற்கு ஒருவர். சட்டி பானை வரவில்லை. ஆனாலும் அவர் தினமும் வந்தார். வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு அரை அடி தோண்டச் சொன்னார்கள். மூன்றாம் கிழமை குழி கதவின் நிலையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

கலாவதி ஒருத்தருக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை. வாசலுக்கு வந்த ஆளை வெறும் வயிற்றோடு அனுப்புவது அவளுடைய பரம்பரையில் இல்லை. மண் ஆராய்ச்சிக்காரர் மாமிசம் சாப்பிடமாட்டார் என்று தெரிந்து, அவருக்கென்று தனியாக மரக்கறி றோல்ஸ் சுட்டாள்.

மூன்று கடை தள்ளி வீடியோக் கடை வைத்திருந்தவர் சவிரிமுத்து. மன்னார்க்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். அவருடைய வாசலிலும் அதே நாளில்தான் குழி வெட்டினார்கள். அந்தக் குழி இரண்டாம் நாளே மூடப்பட்டு, மேலே புதுக் கல்லும் பதித்தாயிற்று. கனகலிங்கம் காரணம் கேட்டுப் போனார்.

"உங்கடை பக்கம் எப்பிடி உடனை மூடினவங்கள் சவிரிமுத்து?"

"எனக்கென்ன தெரியும் அண்ணை? நான் அவையளைத் திரும்பியும் பாக்கேல்லை."

"அந்தப் பிள்ளை வந்து நிக்கேல்லையோ?"

"வந்தது. கக்கூஸ் இருக்கோ எண்டு கேட்டது. ஏலாது எண்டு சொல்லிப்போட்டு நான் கசெற் சுத்திக்கொண்டு இருந்திட்டன்."

கனகலிங்கம் அதுவரை கொடுத்த றோல்ஸ்களை மனதுக்குள் எண்ணத் தொடங்கினார். திரும்பி வந்தால், டெக்லன் குழியோரத்தில் குந்தியிருந்து நாலாவது றோல்ஸைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்," என்றார் டெக்லன். "அயர்லாந்தில் எங்கள் ஊர் மிகப் பழைய ஊர். தெருவில் தண்ணீர்க் குழாய் போட்டாலும் இப்படி ஒருவர் வந்து நின்று பார்ப்பார். எங்கள் பாதிரியார் வீட்டுச் சமையற்காரி ஒரு நாள் இரக்கப்பட்டு அவருக்கு சூப் கொடுத்தாள். இரண்டு மாரிகாலம் அந்தத் தெருவில் பஸ் ஓடவில்லை. அது வெறும் உருளைக்கிழங்கு சூப். உங்கள் மனைவியின் கைக்கு நான் ஐந்து வருஷம் சொல்வேன்."

அன்று பின்னேரம் கனகலிங்கம் மனைவிக்கு நிலைமையை விளக்கினார். சாப்பாட்டை நிற்பாட்டினால்தான் குழி மூடும். கலாவதி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"மூண்டு கிழமை குடுத்துப்போட்டு இனி இல்லையெண்டு சொல்லுறதோ? அதுகள் என்ன நினைக்கும்? சனம் என்ன சொல்லும்?"

"கடை போகப்போகுது கலா."

"போகட்டும். மானம் போகக்கூடாது."

கடைசியில் ஒரு சமரசம் வந்தது. சாப்பாடு கொடுப்பது, ஆனால் சாப்பிட முடியாதபடி கொடுப்பது. அடுத்த நாள் றோல்ஸுக்கு இருபது செத்தல் மிளகாய் கூடுதலாகப் போட்டாள். போடும்போது அவளுக்கே கண் கலங்கியது. மிளகாயால் பாதி, மனவருத்தத்தால் பாதி.

இங்கேதான் கனகலிங்கம் காலத்தை அறியாமல் பிழைவிட்டார். உறைப்பைத் தாங்குவதே ஆண்மை என்று ஆங்கிலேயர் கண்டுபிடித்திருந்த நாட்கள் அவை. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் குடித்துவிட்டு வந்து, யார் அழாமல் சாப்பிடுவது என்று போட்டி வைப்பதுதான் அப்போதைய நாகரிகம். பாதுகாப்பு அதிகாரி முதல் கடியில் செவ்வரத்தம் பூவின் நிறத்துக்கு வந்தார். மூக்கால் ஓடியது. நாலு நிமிஷம் பேச்சு வரவில்லை. பிறகு, "அற்புதம்!" என்று சொல்லிவிட்டுத் தன்னுடைய பிரிவு முழுவதையும் கூட்டிக்கொண்டு வந்தார். பக்கத்துக் கவுன்சிலிலிருந்துகூட இரண்டு பேர், குழி பார்க்க என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

நவம்பர் கடைசி ஆயிற்று. கனகலிங்கத்துக்கு நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை. எட்டு வருஷ உழைப்பு ஒரு குழிக்கு அந்தப் பக்கம் நின்றது. பொறுக்கமுடியாமல் கோட்டைப் போட்டுக்கொண்டு கவுன்சில் கந்தோருக்குப் போனார். கலாவதியும் கூடவே போனாள், ஒரு ரின் நிறைய றோல்ஸோடு. ஒருவருடைய இடத்துக்கு வெறுங்கையோடு போவதும் அவளுடைய பரம்பரையில் இல்லை.

தொல்லியல் அவதானிப்புப் பிரிவின் தலைவர் மிஸ்டர் பிரிம்லி. மெலிந்த மனிதர். குழிக்கு வராத ஒரே அதிகாரி அவர்தான் என்பது அவருடைய உடம்பைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஆறு வாரமாகப் பார்க்கிறீர்கள். ஏதாவது கிடைத்ததா?" என்று கேட்டார் கனகலிங்கம்.

"எதுவும் இல்லை."

"அப்படியென்றால் மூடலாம்தானே?"

மிஸ்டர் பிரிம்லி அவரை இரக்கத்தோடு பார்த்தார். "ஐயா, எங்கள் எல்லைக்குள் எங்கே தோண்டினாலும் ஏதாவது வரும். ஒரு புகைக்குழாய், ஒரு மாட்டெலும்பு, குறைந்தது ஒரு உடைந்த பால் போத்தல். உங்கள் வாசலில் ஒன்றுமே இல்லை. இது சாதாரண ஒன்றுமில்லாமை அல்ல. மிக அரிதான ஒன்றுமில்லாமை. இதைப் பாதுகாக்கவேண்டிய கடமை எங்களுக்கு உண்டு."

"ஏதாவது கிடைத்திருந்தால்?"

"பதிவு செய்து, எடுத்துக்கொண்டு, இரண்டு நாளில் மூடியிருப்போம்."

"சரி, ஒரு பலகையாவது போட்டுக் கடந்து போகலாமா?"

"பலகையின் நிழல் மண்ணில் விழும். நிழல் விழுந்தால் அவதானிக்க முடியாது. குழிக்கு மேலால் எவரும் போகக்கூடாது என்பது விதி."

கனகலிங்கம் தலையில் கைவைத்தார். கலாவதி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பெரிய எழுத்தில் ஓர் அட்டவணை தொங்கியது. 'பொதுமக்கள் பங்களிப்பு. இவ்வருட இலக்கு: 150 பார்வையாளர். இதுவரை: 2.' அந்த வருஷம் எல்லாக் கந்தோரிலும் பொதுமக்கள் பங்களிப்பு என்ற சொல்தான் நாகரிகம். முந்திய வருஷம் வேறு ஏதோ சொல்.

"குழிக்கு மேலாலை போகக்கூடாது எண்டுதானே சொல்லுறார்," என்றாள் கலாவதி தமிழில். "உள்ளுக்காலை போகலாமோ எண்டு கேளுங்கோ. அந்த நூற்றைம்பது பேருக்கு எங்கடை ஆக்களைக் காட்டலாமோ எண்டும் கேளுங்கோ."

கனகலிங்கம் கேட்டார். மிஸ்டர் பிரிம்லி விதிப்புத்தகத்தை எடுத்தார். புரட்டினார். தலைக்கவசம் அணிந்து, பெயரைப் பதிவு செய்து, பொதுமக்கள் குழிக்குள் இறங்கிப் பார்வையிடுவதற்குத் தடை ஏதும் இல்லை. ஒருமுறை இறங்கியவர் எந்தப் பக்கமாக ஏறவேண்டும் என்று விதி எதுவும் சொல்லவில்லை.

"எத்தனை பேர் வருவார்கள்?"

"இருநூறு."

மிஸ்டர் பிரிம்லி எழுந்து நின்றார். பிறகு, முதல் தடவையாக, அந்த ரின்னைத் திறந்து பார்த்தார்.

டிசம்பர் பத்தாம் திகதி காலை டன்னிக் றோட் நிறைந்துவிட்டது. பிளேஸ்டோவிலிருந்தும் அப்டன் பார்க்கிலிருந்தும் காஞ்சிபுரம் சேலைகள் வந்து இறங்கின. படம்பிடிக்கக் கூப்பிட்டிருந்த வீடியோக்காரர் வெளிச்சத்தோடு குழிக்குள் இறங்கி நின்றார். இரண்டு பக்கமும் ஏணி சாத்தியிருந்தது. இருபத்துநாலு தலைக்கவசம்தான் இருந்தது. ஏறியவர்கள் கழற்றி எறிய, இறங்குபவர்கள் பிடித்துப் போட்டுக்கொள்ளவேண்டும். மிஸ் ஹாப்வுட் புத்தகத்தோடு நின்று ஒவ்வொருவரிடமும் முழுப்பெயர் கேட்டாள். முதல் ஆள் சிவானந்தன் கனகாம்பிகைபாலன் என்று சொன்னதும் பேனாவை ஒருமுறை உதறிக்கொண்டாள்.

ஐயருக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. "புதுக்கடைக்குப் போகேக்கை கீழை இறங்கலாமோ?"

"இறங்கி ஏறித்தானே ஐயா போறம்," என்றாள் கலாவதி. "ஏறிக்கொண்டுதான் உள்ளை போறம்."

இது ஐயருக்கு நியாயமாகப் பட்டது. குடுமிக்கு மேல் தலைக்கவசத்தைக் கவிழ்த்துக்கொண்டார்.

ஒன்பது ஐந்துக்கு நல்ல நேரம் தொடங்கியது. ஒன்பது ஆறுக்கு மிஸ்டர் பிரிம்லி பேசத் தொடங்கினார். பொதுமக்கள் பங்களிப்பில் இது ஒரு திருப்புமுனை என்றார். அரைமணித்தியாலம் திருப்பினார். அவர் முடித்ததும், ஒரு வெள்ளைக்காரர் பேசியபிறகு நாங்கள் பேசாமல் விட்டால் இனத்துக்கு இழுக்கு என்று, செவன் கிங்ஸ் பகுதித் தமிழ்ச் சங்கத் தலைவர் பாலேந்திரா தொண்டையைச் செருமினார். சங்கத்தின் வரலாற்றை அவர் எழுபத்தெட்டாம் ஆண்டிலிருந்து ஆரம்பித்தார். பத்து மணிக்கு எண்பத்திரண்டுக்கு வந்திருந்தார். கனகலிங்கம் மணிக்கூட்டைப் பார்த்தார். ஐயரைப் பார்த்தார். தலைவரை இடையில் மறிக்க அவருக்குத் துணிவு வரவில்லை. சங்கத் தலைவரைப் பகைத்துக்கொண்டு லண்டனில் மரக்கறி விற்க முடியாது.

பத்து பதினாறு. பாலேந்திரா, "அன்றைய காலகட்டத்தில்..." என்று மூச்சு வாங்கினார். கலாவதி லட்சுமி படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, மல்லிகைக்கு மேல் தலைக்கவசத்தை அமத்தி, சேலைக் கரையைத் தூக்கிப்பிடித்துக் குழிக்குள் இறங்கினாள். மற்றக் கையால் புருஷனையும் இழுத்தாள். இருவரும் சேற்றில் நாலு அடி வைத்து, மறுபக்க ஏணியில் ஏறி, பத்து பத்தொன்பதுக்கு வலது காலைக் கடைக்குள் வைத்தார்கள். உள்ளே போனதும் கனகலிங்கம் அரிசி மூட்டையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். வீடியோக்காரர் அதையும் எடுத்துக்கொண்டார்.

அன்று இருநூற்றுப் பதினான்கு பேர் குழிக்குள் இறங்கி ஏறினார்கள். இலக்கு நிறைவேறிவிட்டது. நிறைவேறிய இலக்குக்கு ஒரு குழி எதற்கு? அடுத்த செவ்வாய்க்கிழமை டெக்லன் வந்து இரண்டு மணித்தியாலத்தில் மூடினார். மேலே வைத்த கல் கொஞ்சம் ஆடியது.

ஆனால் எங்கள் சனம் ஒன்றைப் பார்த்தால் விடாது. 'கனகலிங்கத்தார் கடை திறக்கேக்கை மஞ்சள் சட்டையோடை பதினொரு வெள்ளைக்காரர் நிண்டவை' என்று வீடியோக் கசெற் வீடு வீடாகச் சுற்றியது. தையில் அப்டன் பார்க்கில் நகைக்கடை திறந்தவர், தன்னுடைய வாசலிலும் குழி வெட்டித்தரும்படி கவுன்சிலுக்கு விண்ணப்பம் போட்டார். பிளேஸ்டோவில் இரண்டாவது கடை எடுத்த சவிரிமுத்துகூட, வந்து நின்ற ஓர் அதிகாரிக்குத் தானாகவே கக்கூஸைக் காட்டியதாகக் கேள்வி.

பங்குனி மாதம் கவுன்சில் முத்திரையோடு கனமான உறை ஒன்று வந்தது. அவதானிப்பின் இறுதி அறிக்கை. முப்பத்தாறு பக்கம், தடித்த அட்டை. கனகலிங்கம் கடைசிப் பக்கத்தைப் பிரித்து வாசித்தார். 'கலாவதி ஸ்ரோர்ஸ் எனும் இடத்தின் முன்பாக எட்டு வாரங்கள் தொடர்ச்சியாகவும் மிகுந்த கவனத்துடனும் அவதானிக்கப்பட்டது. இவ்விடத்தில் எக்காலத்திலேனும் மனிதர் எவரும் வாழ்ந்ததற்கோ, உணவு சமைத்ததற்கோ, நடமாடியதற்கோ சான்று எதுவும் இல்லை.' கீழே மிஸ் ஹாப்வுட்டின் கையெழுத்தும், முன்னே சாப்பிட்ட எல்லோருடைய கையெழுத்தும்.

அவர் அதை இரண்டாம் தரமும் வாசித்தார்.

"என்னவாம்?" என்று கலாவதி கேட்டாள்.

"ஒண்டுமில்லையாம்."

"பிழை ஒண்டும் எழுதேல்லைத்தானே?"

"இல்லை. நல்ல இங்கிலீஷிலைதான் எழுதியிருக்கினம்."

லண்டனில் கால்வைத்த நாளிலிருந்து அவருக்கு வந்த அரசாங்கக் கடிதங்கள் எல்லாம், உங்கள் விடயம் பரிசீலனையில் உள்ளது என்றே முடிந்தன. பரிசீலித்து முடித்து, இன்னதுதான் முடிவு என்று முத்திரை குத்தி வந்த முதல் கடிதம் இதுதான். கடைசிப் பக்கத்தைக் கவனமாக வெட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு, லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

சாமான் வாங்க வந்த பாலேந்திரா அதைக் கண்டதும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போனார். எழுத்தைப் பார்க்கவில்லை. முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார்.

"கனகலிங்கம், செவன் கிங்ஸிலை என்ரை வீட்டுக்கும் இப்பிடி ஒண்டு எடுக்கேலுமோ?"